தாரகாசுரன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து முருகன் கோயில்களில் ஐப்பசிக் கந்தசட்டியின் ஆறாம் நாள் சூரன் போர் நடைபெறும்போது யானைமுகத்தோடு வீதிக்கு வந்து முதலில் வீழ்பவன் தாரகன். அவனுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. சிங்கமுகன் வருவதற்குள் சனங்கள் அவனை மறந்துவிடுகிறார்கள். கச்சியப்ப சிவாசாரியரோ தம்முடைய கந்தபுராணத்தில் அவனுக்கென்று ஒரு தனிப் படலத்தை ஒதுக்கி, சூரபன்மனுக்குக்கூட இறுதிவரை வாய்க்காத ஒரு காட்சியை அவனுக்குக் கொடுத்திருக்கிறார். கோயிலில் நூலை வாசித்துப் பொருள் சொல்லும் புராணப் படிப்புக்கு வருபவர்களும் அறநெறி வகுப்புப் பிள்ளைகளும் தாரகனைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு அந்த நூலின் வழிநின்று இங்கே பதில் தரப்படுகிறது.

தாரகன் யார்?

காசிப முனிவருக்கும் மாயைக்கும் பிறந்த பிள்ளைகளில் மூன்றாமவன். மாயை ஒவ்வொரு யாமத்திலும் ஒவ்வொரு வடிவம் எடுத்தாள் என்றும், அவள் பெண்யானை வடிவம் கொண்டபோது பிறந்ததால் தாரகனுக்கு யானைமுகம் அமைந்தது என்றும் புராணம் கூறுகிறது. மூத்தவன் சூரபன்மன், அடுத்தவன் சிங்கமுகன், கடைசியாகப் பிறந்தவள் ஆட்டுமுகம் கொண்ட அசமுகி.

பிள்ளைகள் வளர்ந்ததும் தந்தையும் தாயும் வெவ்வேறு உபதேசம் செய்கிறார்கள். காசிபர் தவத்தையும் அறத்தையும் சொல்லி, மார்க்கண்டேயருடைய வரலாற்றையும் எடுத்துக்காட்டுகிறார். மாயை செல்வத்தையும் வலிமையையும் தேடச் சொல்கிறாள். மூவரும் தாயின் சொல்லையே கேட்டார்கள். தாரகனுடைய வாழ்க்கை முழுவதும் பிறர் வகுத்த வழியில் செல்லும் வாழ்க்கை என்பதற்கு இதுவே தொடக்கம்.

அவன் ஆண்ட நாடு எது? அது அவனுக்கு எப்படிக் கிடைத்தது?

அவன் ஆண்ட நகரம் மாயாபுரி; மாயமாபுரம் என்றும் சொல்வர். அது வடக்கே, கிரவுஞ்ச மலையின் அருகில் இருந்தது.

அந்த நாட்டை அவன் தானாக வென்றவன் அல்லன் என்பதைக் கவனிக்க வேண்டும். சிவபெருமானை நோக்கி வேள்வி செய்து 1008 அண்டங்களையும் 108 யுகங்கள் ஆளும் வரத்தைப் பெற்றவன் சூரபன்மன். வரம் பெற்ற பின்னர், செய்வதில் பாவம் புண்ணியம் என்று ஒன்றுமில்லை என்ற போக்கில் சுக்கிராசாரியார் செய்த உபதேசத்தைக் கேட்டு, அவன் எல்லாத் திசைகளையும் வெல்லத் திக்குவிசயம் புறப்பட்டான். அளகாபுரியின் குபேரன் பணிந்தான். மற்றைத் திக்குப்பாலகர்களும் பணிந்தோ ஓடியோ போனார்கள். இவ்வாறு அண்டங்கள் யாவும் கைக்கு வந்தபின் தென்கடலிலே வீரமகேந்திரபுரியைத் தனக்குத் தலைநகராக அமைத்துக்கொண்டு, வடகடலில் ஆசுரம் என்ற நகரைச் சிங்கமுகனுக்கும் மாயாபுரியைத் தாரகனுக்கும் பகிர்ந்து கொடுத்தான்.

ஆகவே தாரகன் பேரரசன் அல்லன். வென்றெடுத்த உலகத்தின் ஒரு வாசலைக் காக்க அமர்த்தப்பட்ட தம்பி. சூரனுடைய ஆட்சியில் தேவர்கள் கடலில் மீன் பிடித்துக் கொண்டுவந்து கொடுக்கும் ஏவலர்களாக்கப்பட்டார்கள், சூரியன் தன் வெப்பத்தை அடக்கிக்கொண்டு செல்ல நேர்ந்தது, இந்திரன் பொன்னுலகத்தை விட்டுச் சீகாழியில் மறைந்து வாழ்ந்தான். இக்கொடுமைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டளை பிறந்த இடம் மகேந்திரபுரி. அக்கட்டளை வடக்கே செல்லுபடியாவதற்கு மாயாபுரி வேண்டியிருந்தது. தாரகனைச் சிறு வில்லன் என்று தள்ளிவிடுபவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். தொலைவில் இருக்கும் ஒருவனின் அதிகாரம் தேசமெங்கும் நடைபெற வேண்டுமானால் அதை நின்று நடத்தித் தருபவர்கள் தேவை. தாரகன் அத்தகையவர்களுள் மிக வலியவன்.

திருமாலின் சக்கரம் தாரகனுக்கு அணிகலனானது என்பது உண்மையில் புராணத்தில் உள்ளதா?

உள்ளது. திக்குவிசயத்தின்போது திருமாலோடு போரிட்டவன் தாரகன். திருமால் விடுத்த சக்கரம் அவனைக் கொல்லாமல் அவன் கழுத்தில் பொற்பதக்கமாக அமைந்துவிட்டது. சிவன் கொடுத்த வரத்தின் வலிமையைக் காட்டுவதற்காகக் கவிஞர் இதைச் சொல்கிறார். தாரகன் அதைத் தன் வீரமாகவே எண்ணிக்கொண்டான்.

கிரவுஞ்ச மலைக்கும் அவனுக்கும் என்ன தொடர்பு?

கிரவுஞ்சன் முன்பு ஓர் அசுரன். அகத்திய முனிவர் தென்திசை நோக்கி வந்தபோது அவன் மலையாக நின்று, தன்னுள்ளே வழி இருப்பதுபோலக் காட்டி அவரை அலைக்கழித்தான். வழி நீண்டுகொண்டே போனது, இருள் சூழ்ந்தது, மழையும் தீயும் மாறிமாறித் தோன்றின. மாயத்தை உணர்ந்த முனிவர் தம் தண்டத்தால் குத்தி, அவன் என்றும் மலையாகவே கிடக்கவும், அசுரரின் வஞ்சனைக்கு இருப்பிடமாகவும், பின்னொரு நாள் முருகனின் வேலால் அழியவும் சபித்தார்.

தாரகனுடைய காவல் இந்த மலையை நம்பியே இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மலை. உள்ளே சென்றவருக்குத் திசையும் நினைவும் தப்பிவிடும். கயிலையிலிருந்து தெற்கே வரும் எந்தப் படையும் இந்த இடத்தைக் கடக்காமல் மகேந்திரபுரியை நோக்கிப் போக முடியாது என்ற நிலையைக் கச்சியப்பர் அமைத்திருக்கிறார். நாரதர் இந்த மலையைச் சுட்டி, அதன் அருகே தாரகன் ஆள்கிறான் என்று முருகனுக்கு அறிவிப்பதும் அதனால்தான்.

போர் எவ்வாறு நடந்தது?

முருகனின் படையில் இரண்டாயிரம் வெள்ளம் (வெள்ளம் என்பது ஒரு பேரெண்) பூதர்களும், இலக்கத்தொன்பதின்மர் என்று சொல்லப்படும் ஓர் இலட்சத்து ஒன்பது வீரர்களும் இருந்தனர். இலக்கத்தொன்பதின்மரில் ஒன்பதின்மர் வீரவாகு, வீரகேசரி, வீரமகேந்திரன் முதலிய நவவீரர். முருகன் முதலில் வீரவாகுவைத் தலைவனாக்கி ஒரு படையை அனுப்புகிறார்.

நேருக்கு நேர் நின்ற போரில் தாரகன் வெல்லவில்லை. வீரகேசரியோடு பொருதான், பின்னர் வீரவாகுவோடு பொருதான். வீரவாகுவின் ஆற்றலுக்கு முன் நிற்க முடியாமல் மாயத்தைத் துணைக்கொண்டு கிரவுஞ்சத்தின் குகைக்குள் ஓடி மறைந்தான். துரத்திச் சென்ற வீரவாகுவும் உடன்சென்ற வீரர்களும் உள்ளே மயங்கி வீழ்ந்தார்கள். அதன்பின் தாரகன் வெளியே வந்து, தலைவர்களை இழந்து நின்ற பூதப்படையைத் தாக்கிச் சிதறடித்தான். வலிமையில் தோற்ற ஒருவன் இடத்தின் வஞ்சனையால் வென்ற நேரம் இது. படைத்தலைவர் அனைவரும் ஒரு மலைக்குள் அகப்பட்டுக் கிடக்க, வெளியே பூதர்கள் ஓடுகிறார்கள். கந்தபுராணத்துப் போர்களுள் முருகன் பக்கம் இவ்வளவு பெரிய பின்னடைவோடு தொடங்கும் போர் இது என்பதைப் படிப்பின்போது உரைசொல்பவர்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

பின்னர் வாயுதேவன் செலுத்தும் தேரில் முருகனே களத்துக்கு வருகிறார். தாரகன் படைக்கலங்கள் பலவற்றை விடுத்தும் பயனின்றிப்போக, மறுபடியும் மாயத்தில் இறங்குகிறான்; கிரவுஞ்சமும் அவனுக்குத் துணையாகிறது. முருகன் வேலை விடுக்கிறார். அது தாரகனின் மார்பைப் பிளந்து, மலையையும் ஊடுருவி, உள்ளே மயங்கிக் கிடந்தவர்களை மீட்டுத் திரும்புகிறது. முருகன் தம் கைவேலை விடுத்த முதற் போர் இதுவே.

முருகனைக் கண்டபோது தாரகன் என்ன செய்தான்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமுள்ளவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

களத்தில் முருகனை எதிர்கொண்ட தாரகன் முதலில் அம்பு தொடுக்கவில்லை, பார்த்தான். முழுமதி போன்ற ஆறு முகங்களையும், பன்னிரு விழிகளில் பெருகும் அருளையும், வேலையும், பிற படைகளையும், பன்னிரு கரங்களையும், தண்டை ஒலிக்கும் திருவடியையும் அவன் கண்டான் என்று வரிசையாகச் சொல்லிவந்த கச்சியப்பர், ‘அவன் தவம் செப்பற்பாற்றோ’ என்று முடிக்கிறார். எத்தனையோ அடியார்கள் காண ஏங்கும் திருவுருவத்தைப் பகைவனாக வந்த ஒருவன் கண்ணாரக் கண்டுவிட்டான். அவன் செய்த தவம் சொல்லும் தரத்ததோ என்று கவிஞரே வியந்து நிற்கிறார். இன்று பலர் இந்தப் பாடலை முருகனின் திருவுருவத்தைப் போற்றும் துதியாகவே பாடுகிறார்கள். அதில் ‘கண்டான்’ என்று வருபவன் தாரகன் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவன் பேசுவதும் கவனிக்கத்தக்கது. திருமாலோடும் பிரமனோடும் இந்திரனோடும் எங்களுக்குப் பகை உண்டு. வரம் தந்த சிவனோடும் அவர் குமாரனாகிய உன்னோடும் எங்களுக்குப் பகையில்லையே, நீ போருக்கு வந்தது ஏன் என்று கேட்கிறான். அவனைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்விதான். வரம் தந்தவரைக் குறை சொல்லாமல், அந்த வரத்தால் பிறர் படும் துன்பத்தை மட்டும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும் கேள்வி அது. நல்லோருக்கு அருள்வதும் தீயோரைத் தண்டிப்பதும் இறைவனின் செயல், தேவர்களை நீங்கள் வருத்தினீர்கள், ஆகையால் தந்தை என்னை அனுப்பினார் என்பதே முருகனின் மறுமொழியின் சாரம்.

சூரபன்மனோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். சூரன் முருகனைப் பாலன் என்றே இகழ்ந்துகொண்டிருந்தான். போரின் முடிவில் பேருருவைக் கண்டபோதுதான் தான் உணராமல் இருந்ததை வாய்விட்டுச் சொல்கிறான். அந்த அறிவும் அவனிடம் நிலைக்கவில்லை. தம்பியோ தொடக்கத்திலேயே கண்டுவிட்டான். கண்டும், கண்டதன் பொருளை எடுத்து நடக்காமல், அண்ணனின் பணியாளாகவே நின்று மடிந்தான். சூரனிலும் தாரகன் எனக்கு அதிக துயரம் தருவது இதனால்தான்.

வடமொழி நூல்களில் தாரகனே பெரிய அசுரன் என்கிறார்களே, தமிழில் ஏன் தம்பியானான்?

சரியாகச் சொல்கிறார்கள். காளிதாசரின் குமாரசம்பவத்தில் பிரமனிடம் வரம் பெற்றுத் தேவர்களை வருத்துபவன் தாரகன். அவனை அழிப்பதற்காகவே சிவகுமாரன் பிறக்க வேண்டியிருக்கிறது. மகாபாரதத்தின் சல்லிய பருவத்திலும் கந்தனால் கொல்லப்படும் அசுரருள் அவனுடைய பெயர் உண்டு. அங்கே கிரவுஞ்ச மலைக்குள் ஒளிந்திருப்பவன் தாரகன் அல்லன், மாவலியின் மகன் பாணன்.

தமிழ் மரபில் முருகனுக்குப் பகையாகச் சங்க நூல்கள் முதலிலேயே சொல்வது சூர் என்னும் பகைவனை; மாமரமாக நின்ற சூர் தடிந்ததும் குன்றம் எறிந்ததும் திருமுருகாற்றுப்படையில் வருகின்றன. இவ்வாறு சூரே தலைமைப் பகைவனாக வேரூன்றிய தமிழ் மண்ணில், தாரகனைப் பாடவந்த பெருநூல் அவனை அழித்துவிடாமலும் சூருக்கு மேலே வைக்காமலும் தம்பியாக்கி, குன்றத்தையும் அவனுக்கே உரிய காவலாக்கி இணைத்துக்கொண்டது. தனித்தனியாகக் கிடந்த செய்திகள் ஒரே படலத்தில் காரண காரியத்தோடு பொருந்தியிருப்பதைப் பார்க்கும்போது அந்த அமைப்பின் மேல் மதிப்பு உண்டாகிறது.

சூரன் போரில் வரும் யானைமுகம் கஜமுகாசுரன்தானே?

அல்ல. இந்தக் குழப்பம் யாழ்ப்பாணத்தில் ஏற்படுவதற்குக் காரணம் உண்டு: பெருங்கதை விரத நிறைவையொட்டிப் பிள்ளையார் கோயில்களில் கஜமுகாசுர சங்காரம் நடைபெறுகிறது. அங்கும் யானைமுகம், இங்கும் யானைமுகம். பிள்ளையாரால் அடக்கப்பட்டுப் பெருச்சாளி வாகனமான கயமுகனின் கதையைக் கந்தபுராணம் தட்ச காண்டத்தில் தனியே கூறுகிறது. தேவர்களைத் தன் முன் தோப்புக்கரணம் போடவைத்தவன் அவன். அவனும் தாரகனும் வெவ்வேறு பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீரவாகு மகேந்திரபுரிக்குத் தூது செல்லும்போது வாசலில் நின்று தடுத்து மடியும் காவலன் ஒருவனுக்கும் கயமுகன் என்றே பெயர். காளியால் கொல்லப்பட்ட தாருகனும் வேறொருவன்.

தாரகன், சிங்கமுகன், சூரன் மூவரும் ஒரே களத்தில், அடுத்தடுத்து இறந்தார்களா?

கோயில் வீதியில் அப்படித்தான் தோன்றும். ஒரு மாலைப் பொழுதுக்குள் நிகழ்த்திக் காட்டவேண்டியிருப்பதால் அது தவிர்க்க முடியாதது. நூலில் அவர்களுடைய சாவுகளுக்கு இடையே நெடுந்தூரமும் நெடுங்கதையும் உள்ளன. தாரகன் வடக்கே இறந்தபின் முருகன் தேவகிரியில் தங்கி, தலங்கள் பலவற்றை வணங்கிக்கொண்டு தெற்கே வந்து, மண்ணியாற்றங்கரையில் சேய்ஞலூரை உண்டாக்கி, திருச்செந்தூரை அடைகிறார்.

இன்னுமொன்று: தாரகன் வதை உற்பத்தி காண்டத்தில் வருகிறது, அவனுடைய பிறப்போ அதற்குப் பின்வரும் அசுர காண்டத்தில், திருச்செந்தூரில் வியாழ பகவான் முருகனுக்கு அசுரர் வரலாற்றைச் சொல்லும்போதுதான் வருகிறது. நூலை வரிசையாகப் படிப்பவர் தாரகனின் சாவைக் கண்ட பிறகே அவன் எப்படிப் பிறந்தான், யாருடைய சொல்லைக் கேட்டு வளர்ந்தான் என்பதை அறிகிறார்.

மூன்று அசுரரும் மும்மலம் என்று சொல்வதன் பொருள் என்ன?

உயிரைப் பற்றியிருக்கும் ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று அழுக்குகளே மும்மலம். சைவர்கள் சூரனை ஆணவமாகவும் சிங்கமுகனைக் கன்மமாகவும் தாரகனை மாயையாகவும் கொள்வது மரபு. மாயை பெற்ற பிள்ளை, மாயாபுரியில் ஆண்டு, மாய மலைக்குள் ஒளிந்து, மாயத்தால் பொருது மடிந்தான் என்பதால் தாரகனுக்கு இந்த விளக்கம் மிக இயல்பாகப் பொருந்துகிறது. ஆயினும் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லாமல், கதையை முழுதாகச் சொல்லிவிட்டுப் பின்னர் சொல்வதே நல்லது.

சூரனுடைய காலத்தில் இலங்கையை ஆண்டவன் தாரகனா?

இல்லை. இலங்கை யாளிமுகன் என்ற அசுரத் தலைவனின் காவலில் இருந்தது என்று மகேந்திர காண்டம் கூறுகிறது. வீரவாகு திருச்செந்தூரிலிருந்து கந்தமாதனம் சென்று கடலைத் தாவி வரும்போது, அவனை முதலில் எதிர்ப்பவன் யாளிமுகனின் படைத்தலைவனாகிய வீரசிங்கன். அவனைக் கொன்று இலங்கையின் மேல் பாய்ந்து நகரைக் கடலில் ஆழ்த்தி, யாளிமுகனின் மகன் அதிவீரனையும் வீழ்த்திவிட்டு வீரவாகு மகேந்திரபுரிக்குச் செல்கிறான். யாளிமுகன் வீரவாகு திரும்பிவரும் வழியில் கொல்லப்படுகிறான். வடக்கே தாரகன் எந்தப் பொறுப்பில் இருந்தானோ தெற்கே அதே பொறுப்பில் இருந்தவன் இவன்.

இவை வரலாற்று நிகழ்ச்சிகளா? மாயாபுரி இன்று எங்கே உள்ளது?

புராணத்து இடங்களை இன்றைய நிலப்படத்தில் தேடுவது பயனற்றது. அசுரர்களை ஏதோ ஓர் இனத்தவராகவோ ஒரு நாட்டவராகவோ காட்டி எழுதும் கட்டுரைகளையும் ஏற்கவேண்டியதில்லை. காசிபரின் பிள்ளைகளே தேவர்களும் அசுரர்களும் என்று புராணமே சொல்லிவிடுகிறது.

தாரகன் இறந்தபின் என்ன நடந்தது?

மாயாபுரியில் மனைவியர் புலம்புகிறார்கள். மகன் அசுரேந்திரன் மகேந்திரபுரிக்குச் சென்று பெரியதந்தையிடம் செய்தியைச் சொல்கிறான். அசைக்க முடியாதது என்று எண்ணியிருந்த ஆட்சியில் விழுந்த முதல் வெடிப்பைச் சூரன் அப்போதுதான் அறிகிறான். தம்பிக்காக அவன் அழுவதைக் கச்சியப்பர் ஏளனமின்றிப் பாடியிருக்கிறார். தாரகன் ஐயனாருக்கு யானை வாகனமானான் என்று சொல்லும் வழக்கமும் மக்களிடையே உண்டு.

இவற்றைப் படிக்க விரும்புபவர் எங்கிருந்து தொடங்கலாம்?

செய்யுளில் பழக்கமில்லாதவர்கள் நல்லூர் ஆறுமுக நாவலர் எழுதிய வசனத்திலிருந்து தொடங்கலாம். மூலம், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்னூலாகவும் கிடைக்கிறது. உற்பத்தி காண்டத்தில் படையெழு படலம், தாரகன் வதைப் படலம், தேவகிரிப் படலம், அசுரேந்திரன் மகேந்திரஞ்செல் படலம் ஆகிய நான்கையும் முதலில் படித்து, பின்னர் அசுர காண்டத்தின் தொடக்கத்துக்குச் செல்வது தாரகனை அறிய விரும்புபவருக்கு ஏற்ற முறை. இந்த நூலோடு யாழ்ப்பாணத்தவரின் வாழ்வு பின்னிக்கிடப்பதைக் கந்தபுராணக் கலாசாரம் என்ற பெயரில் விளக்கிய பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையின் கட்டுரைகளையும் உடன்வைத்துக்கொள்ளலாம்.

இயன்றவர்கள் அயலிலுள்ள கோயிலின் புராணப் படிப்புக்கே போய், ஒருவர் பாட்டை வாசிக்க மற்றொருவர் பயன் (பொருள்) சொல்லக் கேட்கவேண்டும். திருக்கல்யாணத்துக்கும் சூரன் வதைக்கும் திரளும் கூட்டம் தாரகன் வதை படிக்கப்படும் நாளில் பெரும்பாலும் வருவதில்லை. அன்று படிப்பு எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதைக் கோயிலில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.